கண்டறிந்த நேரம்

அன்று காலையும் வரைபடம் பச்சையாகத்தான் இருந்தது.

புருல் மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஹீட்டரைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாவட்டத்தின் இருபத்து மூன்று கிராமங்களும் இருபத்து மூன்று பச்சை வட்டங்களாக ஆற்றின் இரு கரையிலும் கிடந்தன. சுகாதார அலுவலகத்தில் அவளுக்குப் பதினோரு வருடம் ஆகிறது. வரைபடம் வந்து நான்கு வருடம். அதற்கு முன்பு ஊர்க் கம்பவுண்டர்கள் மாதக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தோடு பேருந்தில் வருவார்கள். இப்போது நோயாளி வாசலைத் தாண்டுவதற்குள் கையடக்கக் கணினியில் தட்டிவிடுகிறார்கள். எல்லாம் இங்கே வந்து சேர்கிறது.

மாட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), பிளேக் மாதிரியான நோய்களுக்கு ஒரே ஒரு பதிவு போதும். வட்டம் சிவந்துவிடும். தலைநகரத்துக்கும் கால்நடைத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தானாகவே செய்தி பறக்கும். மற்ற சில்லறை நோய்களுக்குக் கணக்கு வேறு. ஒரே ஊரில், பத்து நாளுக்குள், மூன்று பேருக்கு ஒரே உபாதை இருந்தால்தான் நிறம் மாறும். "பச்சைன்னா டீ, சிவப்புன்னா ஓட்டம்" என்பார் அலுவலகத் தலைவர் சாகின்பெக். அவர் அன்று விடிந்ததுமே மேல்பள்ளத்தாக்குக்குக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார்.

பச்சையாக இருந்தாலும் புருல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படிப்பாள். மெஷின் மென்றதை எஜே மறுபடியும் மெல்லுகிறார்கள் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவளைவிட வயதில் குறைந்த எல்லோருக்கும் அவள் எஜே, அக்காதான். படிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருவருடைய இருமல், யாரோ ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கு. முகம் தெரியாதவர்களைப் பற்றிச் சத்தமில்லாமல் தெரிந்துகொள்வதில் ஒரு நிம்மதி இருந்தது.

பூச்சிக்கடி, வலது கை, வீக்கம். பூச்சிக்கடி, இடது முன்கை, வீக்கம், வலி இல்லை. பூச்சிக்கடி, விரல்.

ஆறு நாளில் ஐந்து பதிவுகள். ஐந்தும் வேறு வேறு ஊர்கள், ஊருக்கு ஒன்று.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அக்டோபர் முடியப் போகிறது. கண்ணாடிக்கு வெளியே தொங்கிய வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே நான்கு காட்டியது. பாப்ளார் மரங்களில் உறைபனி. சமையலறை ஈக்கள்கூடச் செத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இந்தக் குளிரில் எந்தப் பூச்சி எழுந்து வந்து ஐந்து ஊரில் ஐந்து கையைக் கடித்தது?

பட்டியலில் பெயர் தெரியாது. வயது, ஆணா பெண்ணா, ஊர், அவ்வளவுதான். பெயர் வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியாகத் திறக்க வேண்டும். திறந்தாள்.

முதல் பெயர் எசென். பெரியப்பா மகளின் கணவன். இரண்டாவது, சித்தப்பாவின் இளைய மருமகள். மூன்றாவதைத் திறக்கும்போதே அது யாராக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைவிரல் மவுஸின் மேலே சற்று நின்றது. பிறகு மூன்றாவதையும் நான்காவதையும் ஐந்தாவதையும் திறந்தாள்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபது காட்டியது.

பத்து நாளுக்கு முன் தம்பி மெலிஸின் வீட்டில் அப்பாவின் ஆண்டு நினைவு விருந்து நடந்தது. அந்த ஐந்து பேரும் அங்கே இருந்தார்கள். விருந்தாளிகளாக அல்ல. ஏழு தலைமுறைக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது என்பதால் அவர்கள் குலத்துப் பெண்கள் ஆற்றின் மேலும் கீழுமாக அயலூர்களில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். விருந்து என்றால் அந்த மருமகன்கள் வர வேண்டும். விலங்கின் காலைப் பிடிப்பதும் தோலை உரிப்பதும் கறியைத் துண்டு போடுவதும் அவர்கள் வேலை. பிரிந்துபோய்க் குடியேறிய சித்தப்பாக்களின் மருமகள்கள் வர வேண்டும். குடலையும் இரைப்பையையும் வாய்க்கால் தண்ணீரில் கழுவுவது அவர்கள் வேலை. வேலை முடிந்ததும் ஆளுக்கொரு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். ஊர் ஊராக எண்ணும் கணினிக்கு அவர்கள் ஒன்று, ஒன்று, ஒன்று. உறவு என்று எண்ணினால் அது ஒரே முற்றம்.

அந்த ஐந்து வட்டங்களுக்கும் நடுவில் மெலிஸின் ஊர் இருந்தது. அங்கே ஒரு பதிவும் இல்லை. அந்தச் சுத்தமான பச்சைதான் அவளை அதிகம் உறுத்தியது.

எசெனுக்குப் போன் செய்தாள். அவன் முதலில் பூச்சி என்றான், வைக்கோல் அடுக்கும்போது கடித்தது என்றான். புண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நடுவில் கரி மாதிரிக் கறுத்துவிட்டது, சுற்றிலும் வீங்கியிருக்கிறது, ஆனால் வலியே இல்லை என்றான். வலியில்லாததை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னான். அவள் ஒன்றும் பேசவில்லை. போனில் மௌனமாக இருந்தால் எதிரில் இருப்பவர் தாமே நிரப்புவார் என்று இந்த வேலையில் அவள் கற்றிருந்தாள். எசெனும் நிரப்பினான். மெலிஸ்தான் பூச்சி என்று சொல்லச் சொன்னானாம். நினைவு விருந்துக்கென்று வைத்திருந்த குதிரை போதாது, ஆட்கள் அதிகம் என்று முந்தின நாள் காலையில் ஒரு சிவப்புப் பசுவையும் அறுத்தார்களாம். அது தொழுவத்தில் தள்ளாடிக்கொண்டிருந்ததாம். உயிர் போவதற்குள் கத்தி வைத்துவிட்டால் கறி ஆகும் என்று மெலிஸ் அவசரப்படுத்தினானாம். இரத்தம் கறுப்பாக வந்தது என்று யாரோ சொன்னார்களாம். மெலிஸ் சிரித்துவிட்டு, பசுவுக்கு வயசாயிடுச்சு என்றானாம்.

எசெனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். மற்ற நான்கு ஊர்களின் கம்பவுண்டர்களையும் அழைத்து, ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி, இப்போதே போடுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன் என்றாள். அவர்களில் ஒருவரும் அடைப்பான் புண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லோரும் சின்னஞ்சிறிசுகள்.

மெலிஸின் ஊர்க் கம்பவுண்டர் ஓர்மோன் மட்டும் பழைய ஆள். அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. உங்கள் ஊரில் ஒரு பூச்சிக்கடி கூட இல்லையா என்று கேட்டாள். அவருக்குப் பின்னால் ஒரு கெட்டிலின் கொதிப்பு கேட்டது.

"புருல், நான் உங்கப்பா கூட ஆடு மேய்ச்சவன். என்னை ஒண்ணும் கேக்காதம்மா. உன் தம்பியைக் கேளு" என்றார். பிறகு, "சீக்கிரமா கேளு" என்றார்.

மெலிஸ் முதல் மணியிலேயே எடுத்தான். அவன் மூச்சிலேயே அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் யாருக்கு என்று மட்டும் கேட்டாள்.

"ஜஸ்குலுக்கு" என்றான்.

ஜஸ்குல் அவன் மருமகள். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். விருந்துக்கு முந்தின நாள் மத்தியானம் போனபோது, வெள்ளைத் தலைத்துணியோடு வாய்க்கால் ஓரம் குந்தியபடி குடலைக் கழுவிக்கொண்டிருந்தவளை புருல் பார்த்திருந்தாள். குளிரில் விரல்கள் சிவந்து, நெற்றி முடியைப் புறங்கையால் ஒதுக்கி, தாடையைத் துடைத்துக்கொண்டு.

"எங்கே இருக்கு?"

"தாடைக்குக் கீழே. நாலு நாளா. வீக்கம் கொஞ்சம் இருக்கு, அவ்வளவுதான் எஜே. பேசுறா, டீ குடிக்கிறா."

அவள் அடைப்பான் என்ற சொல்லைச் சொன்னாள். மறுமுனையில் அவன் அழத் தொடங்கினான். நாற்பத்தைந்து வயது ஆண். அப்பாவை அடக்கம் செய்த ஜனாஸாவில் கூட அவன் அப்படி அழவில்லை. தலைநகரத்திலிருந்து வருவார்கள், தொழுவத்தைக் கொளுத்துவார்கள், அறுபது மாடும் போய்விடும், ஊரையே அடைப்பார்கள், அப்பாவின் விருந்தில் விஷம் வைத்தவன் என்று ஏழு ஊரும் பேசும் என்றான். பதிவைப் போடாமல் இருக்க முடியாது என்று கடைசியில் சொன்னாள்.

"போடுங்க எஜே. நான் போட வேண்டாங்கல. பன்னெண்டு மணி வரைக்கும் பொறுங்க. நானே அவளைக் கார்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுறேன். நானே வந்து சொன்ன மாதிரி இருக்கட்டும். போலீஸ் வந்து முற்றத்தில நின்னா எங்க மரியாதை என்ன ஆகும்? அப்பா மேல ஆணையா எஜே."

ஆம்புலன்ஸ் மட்டும் அனுப்பலாமா என்று அவள் யோசித்தாள். ஆனால் ஆம்புலன்ஸுக்கும் நோயின் பெயர் எழுத வேண்டும். எழுதிய நொடியில் வட்டம் சிவந்துவிடும். அரை மணி நேரப் பாதை. அவன் இப்போதே கிளம்பினால் ஆம்புலன்ஸ் போய் வருவதைவிடச் சீக்கிரம் வந்துவிடுவான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பின்னால் பல நாள் அவள் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது சரியாகத்தான் வந்தது.

"பன்னெண்டு வரைக்கும்தான் பொறுப்பேன். இப்பவே கிளம்பு" என்றாள். "மேல்கோட்டைப் போட்டு அவளை ஏத்து. அவ்வளவுதான் உன் வேலை."

"இதோ எஜே."

ஆஸ்பத்திரியின் வாசல் கதவு அவள் ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும். பத்தரைக்கு எசென் வந்து இறங்கினான். கையைத் துணியில் சுற்றியிருந்தான். அங்கே மருத்துவரிடமும், ஊசி போடுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன் என்றுதான் போனில் சொல்லியிருந்தாள். பதினோரு மணிக்கு ஒரு குதிரை வண்டி பால் கேன்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் திரையில் அந்தப் பதிவுப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். பெயர், வயது, ஊர், எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். நோய் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அப்படித் தயாராக வைத்திருப்பதே பாதி செய்துவிட்ட மாதிரி இருந்தது.

பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டே காலுக்கு அவளே அழைத்தாள். டயர் பஞ்சர் என்றான் மெலிஸ். மாற்றிக்கொண்டிருக்கிறானாம், பக்கத்து வீட்டுக்காரன் ஜாக்கி கொண்டுவரப் போயிருக்கிறானாம். குரல் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவை அவள் நல்லதாக எடுத்துக்கொண்டாள். ஜஸ்குலிடம் கொடு என்றாள். உள்ளே மேல்கோட்டு மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றான்.

ஒரு மணிக்கு அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. இரண்டுக்கு அவன் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஓர்மோனுக்குப் போட்டாள், அவரும் எடுக்கவில்லை. வழியில் பாலத்துக்குக் கீழே சிக்னல் கிடைக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் கால் மணி, இன்னும் கால் மணி. காலையில் பார்த்தபோது ஆறு மணி நேரம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் ஒருபோதும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். கால் மணி கால் மணியாக வந்தபோது ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டே இருந்தாள். விருந்திலிருந்து அவள் பையில் கட்டிக்கொண்டுவந்த கறியை அவளும் கணவனும் இரண்டு நாள் சாப்பிட்டார்கள். நன்றாக வெந்த கறி, ஒன்றும் ஆகாது. இருந்தாலும் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான்கு மணி தாண்டி சாகின்பெக் திரும்பி வந்தார். காலணியிலிருந்து சேற்றைத் தட்டிவிட்டு, கல்பாக் தொப்பியைக் கழற்றிக் கணப்பு மேல் வைத்தார். வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"பச்சை. அப்ப டீ" என்றார். டீ ஊற்றிக்கொண்டே, "உங்க தம்பியைப் பாலத்துக்கிட்ட பாத்தேன் எஜே. மூணு லாரி. மாட்டையெல்லாம் ஏத்திக்கிட்டுக் கணவாய்ப் பக்கம் போறாரு. நாளைக்குச் சந்தையாச்சே. கை காட்டினேன், கண்டுக்கவே இல்ல. பெரிய மனுஷன் ஆயிட்டாரு."

புருல் காலியாக இருந்த கட்டத்தில் அடைப்பான் என்று தட்டினாள். மெலிஸின் ஊர் சிவந்தது. அடுத்து அந்த ஐந்து பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பூச்சிக்கடியை அழித்து எழுதினாள். திரையில் ஆற்றின் இரு கரையும் சிவந்துகொண்டே வந்தன. சாகின்பெக் கையில் கோப்பையோடு அப்படியே நின்றார்.

ஆம்புலன்ஸில் அவளும் ஏறிக்கொண்டாள்.

மெலிஸின் கார் முற்றத்திலேயே நின்றது. நான்கு டயரும் நன்றாகக் காற்றோடு இருந்தன. தொழுவம் திறந்து கிடந்தது. உள்ளே சூடான சாணத்தின் ஆவி இன்னும் எழுந்துகொண்டிருந்தது. மெலிஸின் மனைவி வாசலில் நின்று பின்னறையைக் கை காட்டினாள்.

ஜஸ்குல் மெத்தைகளின் மேல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அறையில் கருகிய கம்பளியின் நாற்றம். புண்ணின் மேல் யாரோ சாம்பலைப் பூசியிருந்தார்கள். வீக்கம் தாடையிலிருந்து கழுத்து முழுவதும் இறங்கி, நெஞ்செலும்பு வரை வந்திருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் வளைவே இல்லை. அவள் மேல்கோட்டு சுவரில் மாட்டியபடியே இருந்தது.

காலடிச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். வந்தது மாமனாரின் அக்கா என்று புரிந்ததும் எழுந்துகொள்ள முயன்றாள். ஒரு கையை ஊன்றினாள், மற்ற கையால் தலைத்துணியைத் தேடினாள். மருமகள் மூத்தவர்களைக் கண்டால் எழுந்து, குனிந்து வணங்க வேண்டும். கழுத்து குனியவில்லை. அவள் உடம்பை இடுப்போடு சாய்த்துக் குனியப் பார்த்தாள்.

"வேண்டாம் கண்ணு, படு" என்றாள் புருல். "படுத்துக்கோ."

"பூச்சி இல்ல எஜே" என்றாள் ஜஸ்குல். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "பூச்சின்னு சொல்லச் சொன்னாங்க. நீங்க வருவீங்கன்னு மாமா சொன்னார். மத்தியானமே வருவீங்கன்னார்."

மருத்துவர் ஊசி போட்டார், முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார். அவர் புருலைப் பார்க்கவேயில்லை. வண்டி கிளம்பியபோது மலையின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. ஜஸ்குலின் விரல்கள் புருலின் கைக்குள் இருந்தன. வாய்க்கால் தண்ணீரில் வெடித்த விரல்கள். பாலத்தைத் தாண்டும்போது வண்டி குலுங்கியது. அதற்கு அப்புறம் அந்த விரல்களில் எதுவும் இல்லை. மருத்துவர் சிறிது நேரம் முயன்றார். பிறகு ஓட்டுநரின் தோளைத் தட்டி, மெதுவாகவே போ என்றார்.

அன்று மாலையே தொலைபேசியில் தலைநகரத்து ஆட்களுக்கு அவள் பட்டியல் சொன்னாள். யார் காலைப் பிடித்தார்கள், யார் தோல் உரித்தார்கள், யார் வாய்க்காலில் இருந்தார்கள், யார் எந்த ஊருக்குப் போனார்கள். பதினேழு பெயர்கள். எதையும் பார்த்துப் படிக்கவில்லை. மறுமுனையில் இருந்த இளைஞன், இவ்வளவு துல்லியமான பட்டியலை நான் பார்த்ததில்லை எஜே என்று பாராட்டினான்.

மெலிஸைக் கணவாய்க்கு அப்பால் சந்தைத் திடலில் பிடித்தார்கள். மாடுகளில் நாற்பத்தொன்பது கிடைத்தன. பதினொன்று கிடைக்கவில்லை. எசெனும் மற்ற நால்வரும் தேறிவந்தார்கள். ஜஸ்குலைச் சுண்ணாம்பு கொட்டி, வெளியாட்கள் கையால் புதைத்தார்கள். குளிப்பாட்ட யாரையும் விடவில்லை. அவள் புருஷனுக்கு விமானம் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் வரைபடம் அந்த நிகழ்வை மூடுவதற்கு ஒரு படிவம் கேட்டது. அறிவித்த நேரம், பதினாறு பதினொன்று, அதாவது மாலை நான்கு பதினொன்று. அதைக் கணினி தானே எழுதியிருந்தது. அதன் மேலே கண்டறிந்த நேரம் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே அரை மணிக்கு மேல் இருந்தால் தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு பட்டியல் திறக்கும். இணையம் இல்லை. மின்சாரம் இல்லை. பணியாளர் விடுப்பு. பிற.

சாகின்பெக் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் கேலி எதுவும் பேசவில்லை. நான் டீ ஊற்றினப்பதான் உங்களுக்கும் தெரிஞ்சது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றார். "நாலு மணின்னு போடுங்க எஜே. இல்லேன்னா இணையம் இல்லைன்னு போடுங்க. எல்லாரும் அதைத்தான் போடுறாங்க. யாரும் வந்து கேக்க மாட்டாங்க." நல்ல மனதோடுதான் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திருக்காமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

புருல் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பால் வண்டி வந்து நின்று, கேன்களை இறக்கி, போனது. போன வாரம் வரை முகம் தெரியாதவர்களின் நோய்களைப் படித்து நிம்மதி அடைந்த அந்த மேசைதான் இது.

கண்டறிந்த நேரம் என்ற கட்டத்தில் ஒன்பது இருபது என்று எழுதினாள். காரணத்தில் பிற என்பதைத் தொட்டாள். ஒரு வெள்ளைப் பெட்டி திறந்தது. அதில், என் தம்பி, என்று தட்டி அனுப்பினாள்.

கணினி ஏற்கவில்லை. குறைந்தது நூறு எழுத்துகள் தேவை என்று சிவப்பில் காட்டியது.

அவள் விசைப்பலகையைக் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டாள். ஒன்பது இருபதுக்குப் பெயர்களைத் திறந்தேன் என்று தொடங்கினாள். ஒன்பது நாற்பதுக்குத் தம்பியிடம் பேசினேன். பன்னிரண்டு வரை பொறுப்பதாகச் சொன்னேன். பன்னிரண்டே காலுக்கு டயர் என்றான், நம்பினேன். இரண்டுக்கு நம்பவில்லை, ஆனாலும் பொறுத்தேன். எழுதிக்கொண்டே போனாள். நூறு எழுத்து எப்போதோ தாண்டிவிட்டது. ஜஸ்குல் எழுந்து வணங்கப் பார்த்ததை எழுத வேண்டுமா என்று அந்த இடத்தில் நிறுத்தி யோசித்தாள். நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்டியில் இன்னும் இடம் இருந்தது. எழுதினாள்.